பூங்காவின் மூலையில் ஒரு படமாளிகை

நியூயோர்க் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவன வானை முட்டும் கட்டிடங்களும், அவற்றின் அடியில் எறும்புச் சாரைபோல் ஊரும் மோட்டார் வண்டிகளுமே. அக்காட்சி மன்ஹற்றன் தீவுக்கு உரியது. கிழக்காற்றைக் கடந்து புரூக்ளினுக்குள் புகுந்துவிட்டால், இதுவும் அதே மாநகரந்தானோ என்ற ஐயம் உண்டாகிவிடும். மூன்று நான்கு மாடிக்கு மேற்படாத வீடுகள். ஒவ்வொரு வீட்டின் வாயிலிலிருந்தும் தெருவுக்கு இறங்கும் கற்படிகள். இருமருங்கும் நிழல் செய்யும் மரங்கள். கோடைகாலத்து மாலையில் அப்படிகளே அவ்வூராருக்குத் திண்ணை. நம் ஊரில் மதில்கள் உயர உயர மறைந்துவரும் திண்ணைப் பேச்சை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அக்கற்படிகளில் அமர்ந்து கேட்டோம்.

எம் தங்கையின் குடும்பம் அங்கே குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. சென்ற ஓகஸ்ட் மாதக் கல்லூரி விடுமுறையில் மூன்று வாரம் அவர்களோடு தங்கும் வாய்ப்புக் கிட்டியது. சுதந்திர தேவியையும் புரூக்ளின் பாலத்தையும் பார்த்தோம். அவற்றை விவரிக்க வேறு பலர் இருக்கின்றனர். எம் நெஞ்சில் நின்றது பூங்காவின் மூலையில் நிற்கும் ஒரு படமாளிகையும், அதனைக் குறித்து அவ்வூராரிடையே ஓயாது நடந்த ஒரு வாதமுமே.

நிலத்தடிப் புகையிரதத்தில் பதினைந்தாம் வீதி நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால், எதிரே ஒரு வட்டமான வெளி. வட்டமாயிருந்தும் அதன் பெயர் சதுக்கம்! முதலாவது உலகப் போரில் மடிந்த அயலூர் இளைஞர் இருவரின் பெயரால் அது பார்ட்டல் - பிரிச்சார்ட் சதுக்கம் என வழங்குகிறது. ஒருபுறம் புரொஸ்பெக்ட் பூங்காவின் வாயில். அதன் காவலர்போல் இரண்டு உயர்ந்த கருங்கற்றூண்கள். மன்ஹற்றனின் மத்திய பூங்காவை வகுத்த ஓம்ஸ்ரெட், வோக்ஸ் என்னும் இருவரே இதனையும் வகுத்தனர். 1867 இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இப்பூங்காவையே அவ்விருவரும் தம் சிறந்த படைப்பாக மதித்தனர் என்பர். புல்வெளியில் ஒரு மாலை நடந்த எமக்கு அதனை மறுக்கத் தோன்றவில்லை.

சதுக்கத்தின் மறுபுறத்திலே நிற்கிறது படமாளிகை. அதன் வரலாறு ஒரு குடும்பத்தின் ஏற்றத்தாழ்வைப் போன்றது. 1928 இல் சாண்டர்ஸ் என்ற பெயரோடு அது திறக்கப்பட்டது. பேசும் படம் அப்பொழுதுதான் உலகில் நடைபயிலத் தொடங்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் ஓடி 1978 இல் மூடப்பட்டது. அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் விளக்கேற்றப்படாத மண்டபமாகவே கிடந்தது. 1996 இல் பவிலியன் என்ற பெயரோடு மீண்டும் கதவு திறந்தது. 2015 அளவில் அதனை அடுக்குமாடி வீடுகளாக்கும் திட்டம் ஒன்று வெளிவந்தது. 2016 இல் மறுபடியும் பூட்டு விழுந்தது. வீடுகளாகிவிடும் என்று அயலார் கைகழுவியிருந்த வேளையில், வில்லியம்ஸ்பேர்க் பகுதியில் ஏற்கெனவே ஒரு படமாளிகை நடத்திவந்த நைற்ஹோக் நிறுவனத்தார் அதனை ஏற்று, ஏழு திரைகள் கொண்டதாகப் புதுப்பித்து, 2018 டிசம்பரில் திறந்தனர்.

அந்நிறுவனத்தாருக்கு ஒரு வழக்கமுண்டு. படம் ஓடிக்கொண்டிருக்கையில், இருந்த ஆசனத்துக்கே உணவு வரும். உணவோடு மதுவும் வரும்.

இது அமெரிக்காவிலே எங்கும் வழங்கும் பழக்கம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். நியூயோர்க் மாநிலத்தில் 2011 வரை அது சட்டத்துக்கு மாறானது. 1920 இல் அந்நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்ததும், 1933 டிசம்பரில் அது நீங்கியதும் யாவரும் அறிந்ததே. விலக்கு நீங்கிய கையோடு 1934 இல் அம்மாநிலத்தார் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றினர். நாடக சாலையில் மது விற்கலாம். பந்தாட்ட மைதானத்தில் பியர் விற்கலாம். படம் காட்டும் மண்டபத்தில் மட்டும் ஆகாது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. சீமான்களும் சீமாட்டிகளும் கூடும் நாடக சாலைக்கு ஒரு நீதி, பாமரர் தம் குழந்தை குட்டிகளோடு கூடும் சினிமாவுக்கு வேறொரு நீதியா என்று கேட்பாருமுண்டு. எமக்கோ, அக்காலத்தார் பாமரரை இழிவாக எண்ணிச் செய்தனர் என்பதைவிட, குழந்தைகளை எண்ணிச் செய்தனர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. நிற்க.

ரெக்ஸாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் 1997 இல் அலமோ என்னும் நிறுவனத்தார் உணவும் பியரும் படமும் ஓரிடத்தே தரும் முறையைப் பெரும் வெற்றியாக்கிக் காட்டினர். அதனைக் கண்டு நியூயோர்க்கிலும் அவ்வாறு செய்ய முனைந்தவரே நைற்ஹோக்கை நிறுவியவர். 2011 ஜூனில் அவர் வில்லியம்ஸ்பேர்க்கில் கதவு திறந்தபோது, மண்டபத்துக்குள்ளே ஒரு துளி மதுவும் கொண்டுபோக முடியாதிருந்தது. சட்டத்தை மாற்றும்படி விடாது முயன்றார். அவ்வாண்டு ஓகஸ்டில் ஆளுநர் அன்ட்ரூ குவோமோ திருத்தத்தில் ஒப்பமிட்டார். உணவுச்சாலைக்குரிய இலக்கணம் யாவும் பொருந்தி, ஆசனந்தோறும் மேசையிட்டு உணவு பரிமாறும் படமாளிகைக்கு மட்டுமே அனுமதி என்பது திருத்தத்தின் சாரம். யூற்றா மாநிலத்தில் நடந்ததோ வேடிக்கை. அங்கே மது விற்கும் படமாளிகை ஒன்று 2016 இல் ‘டெட்பூல்’ என்ற படத்தைக் காட்டியதற்காக மதுவரி அதிகாரிகளின் நடவடிக்கைக்கு ஆளாகி, வழக்காடி, 2017 இல் வென்றது. மதுவைப் பற்றிய சட்டம் படத்தைப் பற்றிய சட்டமாகிப் பேச்சுரிமை வரை போய் முடிந்தது.

சட்டம் இடங்கொடுத்துவிட்டால் போதாது. அயலாரையும் கேட்க வேண்டும். அவ்வூர் முறைகளில் எம்மை மிகவும் கவர்ந்தது இதுவே. நியூயோர்க் மாநகரில் 59 சமூக சபைகள் உள்ளன. புரூக்ளினில் மாத்திரம் 18. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை சம்பளமின்றிப் பணியாற்றுகின்றனர். மது விற்க அனுமதிப்பத்திரம் வேண்டுபவர், மாநில அதிகார சபைக்கு விண்ணப்பிக்குமுன் முப்பது நாள் முன்னறிவித்தலை அவ்விடத்துச் சமூக சபைக்குக் கொடுத்தல் வேண்டும். சபை அதனை மாலைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும். எவரும் எழுந்து பேசலாம். இறுதித் தீர்ப்பு மாநிலத்தாருடையதே. சபை சொல்வது ஆலோசனைதான். ஆயினும், கடை திறந்தபின் அல்ல, திறக்குமுன்னரே ஒரு தெருவாசி தன் எண்ணத்தை எழுந்து சொல்ல ஓரிடம் இருக்கிறது.

இவ்விடத்தில் நம் நாட்டு நினைவு வந்தது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நம் ஊர்களிலும் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊரார் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறை இருந்தது. எம் பூட்டனார் அவ்வாறு வாக்களிக்க வண்டில் கட்டிச் சென்ற கதையைச் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். இன்று நாம் பல சமயங்களில் கடை திறந்தபின்னரே பதாகை பிடித்துத் தெருவில் நிற்கிறோம்.

மேலும் சில விதிகள் அங்கே உண்டு. ஒரே தெருவிலே பாடசாலைக்கோ வழிபாட்டிடத்துக்கோ 200 அடிக்குள் மதுச்சாலை ஆகாது. 500 அடிக்குள் மூன்று மதுச்சாலைகள் ஏற்கெனவே இருந்தால், நான்காவதனால் பொதுநன்மை உண்டா என்று தனி விசாரணை வேண்டும். நம் நாட்டிலும் இத்தகைய தூரவிதி உண்டன்றோ? படமாளிகையிலிருந்து ஒரு நெடுந்தெரு நடந்தால் எட்டாவது அவெனியூவில் ஓர் ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. அளவுநாடா பிடித்தால் விதிக்கு மிக அப்பால். ஆனால் தாய்மார் அளவுநாடா கொண்டு அளப்பதில்லை. மாலை மூன்று மணிக்குப் பிள்ளைகள் கைகோத்து அத்தெருவால்தான் பூங்காவுக்கு ஓடுகின்றனர்.

இனி வாதத்துக்கு வருவோம்.

எம் தங்கை மதுவை விரும்பாதவள். ஆனால் அண்டை வீட்டார் குடிப்பதைப் பற்றி முகஞ்சுளிப்பவளும் அல்லள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். அப்பிள்ளை தன் தோழியர் இருவரோடு சனிக்கிழமைப் பகற்காட்சிக்குத் தனியே போக வேண்டும் என்று ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். தாய் மறுத்துக்கொண்டிருந்தாள். நாம் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே வழக்கு எம் முன்னிலைக்கு வந்தது. ஆசிரியர் என்றால் நடுவராக இருக்க வேண்டும் போலும்.

“மாமா, நாங்கள் போற எல்லாச் சாப்பாட்டுக் கடையிலையும் பக்கத்து மேசையிலை குடிக்கினம். அங்கை மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போறியள்தானே? அதை அம்மாட்டைக் கேளுங்கோ” என்றாள் பிள்ளை.

வாதத்தில் பழுதில்லை. நாம் தங்கையைப் பார்த்தோம்.

“சாப்பாட்டுக் கடையிலை வெளிச்சம் இருக்குது, பிள்ளை” என்றாள் தங்கை.

இதனிலும் தெளிவாக எந்தச் சமூக சபையிலும் எவரும் பேசியிருப்பரோ என்பது ஐயமே. குடிப்பவனுக்கும் குழந்தைக்கும் இடையே மேசையோ தூரமோ பெரிதல்ல. ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய வெளிச்சமே காவல் என்பது அவள் கருத்து.

மைத்துனர் கணக்காளர். அவர் பேச்சு வேறு திசையிற் சென்றது. “ரிக்கற் காசிலை பாதிக்கு மேலை படத்தை விநியோகிக்கிறவனுக்குப் போயிடும். மிச்சத்திலை வாடகை, வரி, மின்சாரம், சம்பளம். சோளப்பொரியும் சோடாவும் வித்து ஏழு திரையை நடத்தேலாது, மச்சான். இந்த இடத்து நிலவிலைக்குக் கட்டிடம் வீடாத்தான் போயிருக்கும்” என்றார். வீட்டிலே திரையை விரித்து எந்தப் படத்தையும் பார்க்கக்கூடிய இக்காலத்தில், மனிதரை வீட்டை விட்டு வெளியே இழுக்க வேறென்ன உண்டு என்பது அவர் கேள்வி. 2020 மார்ச்சில் தொற்றுநோயினால் மாநகரின் படமாளிகைகள் அனைத்தும் மூடப்பட்டு, ஓராண்டு கழிந்து 2021 மார்ச்சிலேயே, அதுவும் நாலிலொரு பங்கு ஆசனங்களோடு, திறக்க அனுமதிக்கப்பட்டன. அக்காலத்தில் மூடிய கதவுகள் சில பின்னர் திறக்கவேயில்லை. அவ்வாண்டை நினைவூட்டி அவர் தம் கணக்கை முடித்தார்.

எதிர்வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த இளந்தாய் ஒருத்தி மைத்துனரின் கட்சி. மாதத்தில் ஒரு மாலை குழந்தையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கணவனோடு வெளியே போகிறாள். படத்துக்கும் உணவுக்கும் தனித்தனியே போக நேரம் இல்லை. இரண்டும் ஓரிடத்தே கிடைப்பது பெரும்பேறு என்றாள். ஒரு கிண்ணம் திராட்சைமது அருந்துவதனால் தான் கெட்டவளாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. எமக்கும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு முதியவரே இவ்வாதத்தில் எமக்குக் கிடைத்த புதையல். அயர்லாந்து வழிவந்தவர்; தீயணைப்புப் படையிலே பணியாற்றி இளைப்பாறியவர்; எண்பது வயதை எட்டியவர். அயர்லாந்தார் செறிந்து வாழ்ந்த பழைய அயல் அது. பதினாறாம் வீதி மூலையில், மதுவிலக்கு நீங்கிய 1933 ஆம் ஆண்டிலேயே திறந்த பரெல்ஸ் என்னும் மதுச்சாலை இன்றும் நடக்கிறது. பெண்கள் அதன் மேடையருகே நின்று குடிக்க 1970 களிலேதான் இடங்கிடைத்ததாம். அதனை எதிர்த்து இப்பொழுது எவரும் கூட்டம் கூட்டுவதில்லை. அது ஊரின் சொத்தாகிவிட்டது. இரண்டு தெரு இப்பாலுள்ள படமாளிகையில் ஒரு கிண்ணம் பரிமாறினால் ஏன் இத்தனை பேச்சு என்று முதியவரைக் கேட்டோம்.

அவர் உடனே மறுமொழி கூறவில்லை. படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுத் தம் தந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தந்தை துறைமுகத்தில் சுமை இறக்கியவர். வெள்ளிக்கிழமை கூலி வாங்கினால், இப்போது இல்லாமற் போய்விட்ட ஏதோவொரு மதுச்சாலையில் அதனை இறக்கிவைத்துவிட்டே வீடு திரும்புவார். திரும்பும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் இருப்பதை அன்னை விரும்புவதில்லை. நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாண்டர்ஸுக்குப் போய்விடுவாள். அக்காலத்தில் ஒருமுறை நுழைவுச்சீட்டு வாங்கினால் அடுத்த காட்சியையும் இருந்து பார்க்கலாம், எழுப்புவாரில்லை. பார்த்த படத்தையே மீண்டும் பார்த்து, கடைசிப் பிள்ளை மடியில் உறங்கியபின், தந்தையும் உறங்கியிருப்பார் என்று கணக்கிட்டு வீடு திரும்புவார்களாம்.

“இந்த ஊரிலே குடிவாசனை இல்லாத இரண்டு இடங்கள் அவளுக்கு இருந்தன. ஒன்று தேவாலயம், மற்றது இந்த மண்டபம். தேவாலயம் இரவில் பூட்டியிருக்கும்” என்றார்.

அப்படியானால் அனுமதிப்பத்திரத்தை எதிர்த்தீரோ என வினவினோம். இல்லை என்றார்! மண்டபம் இருண்டு கிடந்த பதினெட்டு ஆண்டுகளும் கடமை முடிந்து வரும்போதெல்லாம் அதனைக் கடந்தே வீடு வந்தவர் அவர். இன்னொரு முறை அவ்விருட்டைப் பார்க்கத் தமக்கு வயதில்லை என்றார். ஆனால் மாலைக் காட்சிக்கு அவர் போவதில்லை. வாரத்தில் ஒரு நாள், பகற்காட்சிக்குப் போய், ஓர ஆசனத்தில் இருந்து, ஒரு கோப்பிக்கு மட்டும் எழுதிக்கொடுப்பாராம்.

கேள்வியறிவு போதாது என்று மைத்துனரோடு ஒரு மாலைக்காட்சிக்கு நாமும் போனோம். ஆசனங்கள் அகலமானவை, இருவருக்கு நடுவே சிறு மேசை, அதன்மேல் மங்கிய வெளிச்சம். வேண்டியதைத் துண்டுக்கடதாசியில் எழுதி நிறுத்திவைத்தால், பணியாள் ஒருவர் திரையை மறைக்காவண்ணம் முழங்கால் மடக்கி வந்து எடுத்துச்செல்கிறார். எம் கடதாசியில் எழுதியது கோப்பியும் பொரித்த கிழங்கும். முன்வரிசையிலிருந்த இளைஞர் நால்வருக்கு நுரை ததும்பும் கிண்ணங்கள் வந்தன. ஒருவரும் கூச்சலிடவில்லை, தள்ளாடவில்லை. நம் ஊர்ப் படமாளிகைகளில், வெளியே குடித்துவிட்டு உள்ளே வந்து விசிலடிக்கும் வீரர்களை நினைத்துக்கொண்டோம். சட்டத்துக்கு உட்பட்ட குடி அடக்கமாயிருக்கிறது. சட்டத்துக்கு ஒளித்த குடியே ஆர்ப்பரிக்கிறது. இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதார்க்குக் கொடுப்பது அங்கே குற்றம். இளமை முகத்தாரிடம் வயதுச் சான்று கேட்பதையும் கண்டோம்.

ஆயினும் படம் முடிந்து விளக்கேறியபோது, எம் மனம் அந்த நாலு பிள்ளைகளின் தாயிடமே நின்றது. அவளைப்போன்ற ஒருத்தி இன்று அம்மண்டபத்துக்கு வந்தால், எதிலிருந்து ஓடிவந்தாளோ அதுவே அவள் பக்கத்து மேசையில் இருக்கும். அடக்கமாயிருக்கலாம், சட்டப்படியிருக்கலாம், வாசனை ஒன்றுதான். மண்டபம் பிழைத்தது, அது அவளுக்குக் கொடுத்துவந்த ஒன்று பிழைக்கவில்லை. மைத்துனரின் கணக்கேட்டில் இதற்கு ஒரு பத்தி கிடையாது. அதற்காக அவரைக் குறை கூறுவதற்குமில்லை. வீடுகளாகியிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

அச்சபையில் எமக்கோர் ஆசனம் இருந்திருந்தால் கையை உயர்த்தியே இருப்போம். ஆனால் ஒரு நிபந்தனை கேட்டிருப்போம்: மாலை ஐந்து மணிக்கு முன் தொடங்கும் காட்சிகளில், குழந்தைகளுக்குரிய படம் ஓடும் மண்டபத்திலேனும், மது கூடாது. ஏழு மண்டபங்களில் ஒன்றை, நாளில் சில மணிநேரம், அத்தாய்க்கு ஒதுக்குவது பெரிய இழப்பாகுமா? படியில் அமர்ந்து இதனைச் சொன்னபோது, “அந்தக் காட்சிக்குத்தானே தகப்பன்மாரும் வருகினம், அவையளுக்குத்தான் ஒரு பியர் கட்டாயம் வேணும்” என்று மைத்துனர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. முதியவர் தலையை மட்டும் அசைத்தார். எதற்கு அசைத்தாரோ!

எம் பயணத்துக்கு நாலு நாள் இருக்கையில் வழக்கில் ஓர் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. நடுவரைக் கேளாமலே தாய் வழங்கிய தீர்ப்பு. சனிக்கிழமைப் பகற்காட்சிக்குப் பிள்ளைகள் மூவரும் போகலாம். தாய் மூன்று வரிசை பின்னால் இருப்பாள். தெரிந்தவள் போலக் காட்டிக்கொள்ள மாட்டாள். அவ்வண்ணமே போயினர். முதியவரும் தம் வழக்கமான ஓர ஆசனத்தில் கோப்பியோடு இருந்தாராம்.

மூன்று மணியளவில் திரும்பி வந்த பிள்ளையிடம் படம் எப்படி என்று கேட்டோம். “படம் நல்லம், மாமா. ஆனால் அம்மா படம் பார்க்கேல்லை. எங்கடை வரிசையிலை எத்தினை கிளாஸ் வந்தது எண்டு எண்ணிக்கொண்டிருந்தவ” என்றாள்.

“ரெண்டு” என்றாள் தங்கை, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. “ஒண்டு எலுமிச்சம்பழத் தண்ணியோ தெரியாது. இருட்டிலை வடிவாத் தெரியேல்லை.”